பெரட்டுக்களத்தில் பதில் சொல்வது யார்?
ஊவாத் தோட்டங்களின் நிர்வாகப் பேச்சு குறித்து

2019 ஜனவரி இறுதியில் பெருந்தோட்டத் தொழிலாளர்களின் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கொழும்பில் ஒரு கணக்கும் மலைகளில் இன்னொரு கணக்கும் பேசப்பட்டன. கொழும்புக் கணக்கின்படி அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாக, அதாவது 40 வீதம் உயர்ந்திருந்தது. மலைக் கணக்கின்படி உயர்வு வெறும் 20 ரூபாய். இரண்டுமே சரியான கணக்குகள்தாம். 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30 என எல்லாம் சேர்ந்தால் 730 ரூபாய் கிடைத்தது. புதிய ஒப்பந்தம் வரவுக்கும் உற்பத்தித்திறனுக்கும் இருந்த கொடுப்பனவுகளை நீக்கி, 700 அடிப்படை, 50 விலைப்பங்கு என 750 ரூபாயில் நிறுத்தியது.

ஒவ்வொருவருக்கும் இதன் பலன் வேறு வேறாக இருந்தது. நாள் தவறாமல் வேலைக்கு வந்து, சொன்ன கிலோவை எடுத்துவந்த பெண்ணுக்குக் கூடியது 20 ரூபாய்தான். நோய் நொடியாலோ குழந்தையாலோ நாள் தவறி, வரவுப் பணத்தை இழந்துகொண்டிருந்தவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. அடிப்படைச் சம்பளம் ஏறியதால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 வீதமும் ஏறியது, கம்பெனி சேர்க்கும் 12 வீதமும் ஏறியது. கையில் வருவது எவ்வளவு, நிதியில் சேர்வது எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முழுவதையும் அறிந்த இடம் தோட்டத்து அலுவலகம் ஒன்றுதான். வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் இருப்பது அங்கே. ஆனால் ஒப்பந்தத்தை விளக்கும் வேலை கையெழுத்திட்ட சங்கங்களுக்கும் அதை எதிர்த்த சங்கங்களுக்கும் விடப்பட்டது. ஒரு தரப்பு வெற்றி என்றது, மறு தரப்பு துரோகம் என்றது. மலையில் நிலைத்தது 20 ரூபாய்.

முகாமையாளர்களின் தொடர்பாடலை மேம்படுத்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் பயிற்சிப் பட்டறையில் தொடங்கிப் பயிற்சிப் பட்டறையிலேயே முடிகிறது. தெளிவாகப் பேசுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள், புன்னகையுங்கள் என்பார்கள். ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றைப் படித்தால் சிக்கல் அங்கே இல்லை என்றே தோன்றுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்த துரைமார், அதாவது முகாமையாளர்கள், எப்போதும் இருந்திருக்கிறார்கள். கீழேயிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமைதான் தோட்டத்தின் அமைப்பில் ஒருபோதும் நிலையாக எழுதப்படவில்லை.

அந்த அமைப்பைக் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் அணிவகுப்பில், பார்க்கலாம். முன்பெல்லாம் விடியுமுன் தப்படித்து லயங்களை, தொழிலாளரின் வரிசை வீடுகளை, எழுப்புவார்கள். பெரட்டுக்களத்தில் துரையோ அவருக்கு உதவியான சின்னத்துரையோ நிற்பார், அடுத்துக் கண்டாக்கு ஐயா, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, அவருக்கும் கீழே கங்காணி. எந்த மலையில் கொழுந்து, எங்கே கவ்வாத்து, யார் கான் வெட்டுவது, யாருக்கு மருந்தடி என்பதெல்லாம் சில நிமிடங்களில் பிரித்துக் கொடுக்கப்படும். தோட்டத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் நாள்தோறும் நேருக்கு நேர் நிற்பது ஏறக்குறைய அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. அதில் கட்டளைக்கு நேரம் உண்டு, கேள்விக்கு இல்லை. கேள்வி இருப்பவர் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், சொல்லாமலும் விடுவார். கட்டளை ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது. கேள்வி ஒவ்வொரு படியிலும் நின்று அனுமதி கேட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

இந்தப் படிகள் தற்செயலாக அமைந்தவை அல்ல. கோப்பிக் காலத்திலிருந்து தமிழகத்துக் கிராமங்களில் ஆள் பிடித்து வந்தவர் கங்காணி. ஆளுக்குக் கடன் கொடுத்தவரும், அந்தக் கடனுக்கான துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டவரும், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேசியவரும் அவரே. இரு பக்கமும் நேரடியாகப் பேசிக்கொண்டால் அவருடைய பிழைப்பு போய்விடும். எனவே பேசவிடாமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு ஆதாயமாக இருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. நடுவில் நிற்பவர் வழியாகவே பேச வேண்டும் என்ற வழக்கம் ஒழியவில்லை.

வெள்ளைத் துரைமாருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழில் பழக வந்த இளைஞர்கள் தமிழ் கற்றே ஆக வேண்டியிருந்தது. அவர்களுக்காகக் கையடக்க நூல்கள் கொழும்பில் அச்சாயின. பெர்குசன் வெளியிட்ட சின்னத்துரைக் கைநூலின் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. வேலை ஏவவும் அதட்டவும் விசாரிக்கவும் வேண்டிய தமிழ் இந்த நூல்களில் தாராளமாக இருந்தது. தொழிலாளி திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்பது கற்க வேண்டிய பாடமாகக் கருதப்படவில்லை. மொழிப் பயிற்சி கொடுத்தால் தொடர்பாடல் தானே சீராகிவிடும் என்று இன்று நம்புகிறவர்கள் இந்தப் பழைய அனுபவத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வெளியார் தோட்டத்துக்குள் வந்து பேசுவதும் அத்துமீறலாகவே எண்ணப்பட்டது. தோட்டம் தனியார் நிலம், நுழைய அனுமதி கொடுப்பவர் துரை. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டப் புறப்பட்டபோது முதலில் மோதியது இந்த வேலியோடுதான். வேலிக்கு உள்ளே இருந்துகொண்டே முறை மாறிப் பேசிய ஒருவருக்கு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழகிய மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார், வேலை போயிற்று. சமசமாஜக் கட்சி மேடையில் ஏறித் தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஒரு சின்னத்துரை எப்படிப் பேச வேண்டும் என்பது அன்றைய அரசாங்கத்துக்கே தலைபோகிற காரியமாக இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 1940ஆம் ஆண்டின் ஊவா வேலைநிறுத்தங்களைப் பார்க்க வேண்டும். அந்த ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவி, மே மாதம் பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உச்சத்துக்குப் போனது. பதுளைக்கு அருகே வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசியே தோட்டத்தை நடத்துவதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்ததையே சமசமாஜ வரலாறு பெருமையாகச் சொல்லும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஒப்புதல். கங்காணி வழியாக இல்லாமல், வெளியூர்த் தலைவர் வழியாகவும் இல்லாமல், அந்தத் தோட்டத்து ஆட்களே தெரிந்தெடுத்த ஒரு சபைக்குத் துரை பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு ஊவா மண்ணில் ஒருமுறை நடைமுறைக்கு வந்தது. அது நீடிக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முறித்தன.

அதே ஆண்டு தோட்ட முதலாளிமார் சங்கம் செய்துகொண்ட ஏழு அம்ச உடன்படிக்கை சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றது. பெரிய வெற்றிதான். ஆனால் பேச்சுப் போகும் பாதை அதோடு வேறு பக்கம் திரும்பியது. தோட்டத்துக்குள் பேச வேண்டியது சங்கத்தின் தோட்டத் தலைவர், மாவட்டக் காரியாலயம், கொழும்புத் தலைமையகம் என்று ஏறத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பான்மைத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிறகு, அவர்களுடைய எல்லா முறைப்பாடுகளுக்கும் சங்கம் ஒன்றே தபால்பெட்டியாயிற்று. சம்பளம், வீடு, பிரசாவுரிமை, கூரைத்தகரம், ஒழுகும் தண்ணீர்க் குழாய் என எல்லாம் அந்த ஒரே பெட்டியில் விழுந்தன. குழாய் ஒழுகுவதைத் தோட்டத்து அலுவலகத்தில் சொல்லி மூன்றாம் நாள் சரிசெய்வதற்குப் பதிலாக, அது சங்கத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான வழக்காகி மாதக்கணக்கில் கிடக்கும். நிர்வாகத்துக்கும் இது வசதியாகவே இருந்தது: தலைவரோடு பேசியாயிற்று என்று சொல்லிவிட்டால் போதும்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அரச நிறுவனங்களான ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது. 1979இல் உருவான தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் துரைமாருக்குப் பாடம் நடத்துகிறது. முதலாளி மாறினான், நிறம் மாறியது. துரை என்ற விளியும் பெரட்டின் வரிசையும் அப்படியே இருந்தன. மகன் வயதுச் சின்னத்துரை, தாய் வயதுக் கொழுந்துக்காரியை ஒருமையில் கூப்பிடுவதும் பல இடங்களில் இருக்கிறது. ‘வா’ ‘வாங்க’ ஆவது நல்லது, ஆக வேண்டியது. ஆனால் மரியாதையாகப் பேசிவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகும் துரையையும் தோட்டத்தார் நன்கு அறிவார்கள்.

இன்றைய தோட்டத்தில் அதிகம் பதில் கிடைக்காத கேள்விகள் தராசடியில் எழுகின்றன. முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ எத்தனை கிலோ? கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிவு? நோமுக்கு, அதாவது நிர்ணயித்த அளவுக்கு, ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேரா? கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தவரை இவற்றில் பலவற்றுக்கு எழுத்தில் ஓர் எல்லை இருந்தது, முறைப்பாட்டுக்கு ஒரு படிமுறையும் இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாய் நாட்சம்பளத்தைத் தீர்மானித்ததோடு கூட்டு ஒப்பந்தம் இல்லாமற்போயிற்று. அதன்பிறகு கிலோ கூட்டப்பட்டதாகவும் அரைப்பேர் போடப்பட்டதாகவும் தோட்டந்தோறும் முறைப்பாடுகள் எழுந்தன. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாயிற்று. சம்பளம் கொழும்பில் தீர்மானமாகிறது. அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ என்பது மலையில் தீர்மானமாகிறது. ஆகவே தோட்ட முகாமையாளர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பது முன்பைவிட இப்போதுதான் கனக்கிறது. அதிலும் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள், நிறுத்துக் கணக்கெழுதுவோர் பெரும்பாலும் ஆண்கள். தராசு முள்ளைப் பார்க்க எட்டிநிற்கும் பெண்ணை அவசரப்படுத்தி அனுப்புவதும் ஒருவகைத் தொடர்பாடல்தான். அது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயமில்லாமல் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றுதான் இங்குள்ள தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. அந்த நாட்களில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளாவிட்டால் ஆண்டின் நல்ல விலை கைநழுவும். முற்றிய இலை வந்தால் டீமேக்கர் கண்டாக்கு ஐயாவைக் கேட்பார், அவர் கங்காணியைக் கடிவார், கங்காணி மலையில் கத்துவார். பெண்ணின் காதுக்கு வந்துசேர்வது கத்தல் மட்டும். அவள் கிள்ளிய கொழுந்து கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று, பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஏன் கூட விலைக்குப் போயிற்று என்ற செய்தி மலையேறி வருவதில்லை. ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. விலைப்பங்கு என்று சம்பளத்திலேயே ஒரு பகுதியை வைத்திருந்த காலத்திலும், அந்த விலை என்னவென்பதைக் கொழுந்தெடுத்தவளுக்குச் சொல்வது தோட்ட வழக்கமாகவில்லை. தரம் வேண்டுமென்றால் தரத்தின் காரணத்தையும் பலனையும் சொல்ல வேண்டும். இதற்குப் பணச்செலவுகூடக் கிடையாது.

பதில் சொல்லாத பழக்கம் உயிரையும் வாங்கும். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. விவாதம் வழக்கம்போல, சொன்னார்களா சொல்லவில்லையா என்பதில் சிக்கிக்கொண்டது. எழுந்து போங்கள் என்று சொல்லப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். லயம் கம்பெனியுடையது, நிலம் அரசுடையது, பேர் விழுவது அந்தத் தோட்டத்தில். எங்கே போவது, அங்கே கூரை யார் போடுவார், வேலைக்கு எப்படி வருவது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். அந்தப் பதிலைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் அமைச்சும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கொரு கடிதம் அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் அலுவலகப் பண்பாடு இந்த நாட்டில் ஆழமாக ஊறியது. பதுளை மாவட்டத்தில் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டும், தமிழில் ஓர் அறிவித்தலைப் பெற அலைய வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மலைகளை மறுபடி சரித்தபோது இந்தக் கேள்விகள் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றன.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹர்ஷ்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஒரு நிறுவனத்தில் அதிருப்தியுற்றவர் ஒன்று குரல் கொடுப்பார் அல்லது வெளியேறுவார் என்றார். குரலுக்குப் பலனில்லாத இடத்தில் வெளியேற்றம் கூடும். எல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அதைக் கண்ணாலேயே காணலாம். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டாருக்காக எழும்பிய விடுதிகளிலும் உணவகங்களிலும் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். விடுதி வேலையில் சம்பளம் எப்போதும் கூடுதல் என்பதில்லை, சீசன் முடிந்தால் வேலையே இல்லாமலும் போகும். ஆனாலும் அங்கே முதலாளியைப் பேர் சொல்லியோ அண்ணன் என்றோ கூப்பிட்டுக் கேட்டதைக் கேட்டபடி பேசலாம் என்பது ஓர் இளைஞனுக்குச் சிறிய விஷயமல்ல. 1992இல் கம்பெனிகள் ஏற்றபோது மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதியும் இல்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பும் கம்பெனிகள் சம்பளத்தையும் இளைஞரின் சோம்பலையும்தான் காரணமாகச் சொல்கின்றன. பெரட்டுக்களத்தைச் சொல்வதில்லை.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. நியாய வணிகச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில், மேலதிக விலையாக வரும் பணத்தை என்ன செய்வதென்று தீர்மானிக்கத் தொழிலாளர் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று இருந்தாக வேண்டும். கெயார் தொண்டு நிறுவனம் பல தோட்டங்களில் சமூக அபிவிருத்தி மன்றங்களை உருவாக்கித் தொழிலாளர், இளைஞர், சங்கத்தார், நிர்வாகத்தார், அரச உத்தியோகத்தரை ஒரே மேசையில் உட்காரவைத்தது. இவற்றின் பலம் வெவெஸ்ஸச் சபையின் பலமேதான்: பேசுகிறவர் தோட்டத்து ஆள், கேட்கிறவர் முடிவெடுக்கக் கூடியவர், பேசியது குறிப்பேட்டில் ஏறுகிறது. பலவீனமும் வெளிப்படை. சான்றிதழோ திட்டப்பணமோ போனால் மேசையும் போய்விடும். நல்ல துரை மாற்றலாகிப் போனாலும் அதே கதி.

வெறுமனே கேட்பதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். சிக்காகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தோர்ன் ஆலையில் 1920களின் இறுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே உட்காரவைத்து மனக்குறையைக் கேட்டார்கள். முகாமைத்துவப் பாடநூல்கள் இன்றுவரை கொண்டாடும் ஆய்வு அது. மனந்திறந்து பேசியதிலேயே பலருக்குப் பாரம் குறைந்தது என்றார்கள். பாரம் குறைந்தது நிர்வாகத்துக்கா தொழிலாளிக்கா என்று விமர்சகர்கள் பின்னர் கேட்டார்கள். கேட்டுக்கொண்டவருக்குப் பதில் சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை. நம் தோட்டத்து அலுவலக வாசலில் பூட்டுத் தொங்கும் முறைப்பாட்டுப் பெட்டி அதன் ஏழைத் தம்பி.

செய்யவேண்டியது பெரிய மர்மமில்லை. அன்றைய நோம் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதைப் பெரட்டுக்களத்துப் பலகையில் தமிழில் எழுதிவைக்கலாம். தராசு முள்ளைக் கொழுந்தெடுப்பவர் பார்க்கும்படி திருப்பிவைக்கலாம். மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலோடு முகாமையாளரே டிவிசனுக்கு வந்து, கங்காணியும் தலைவரும் இடையில் நின்று பேசாமல், நேரே விளக்கலாம். முறைப்பாட்டை வாங்குபவர் என்றைக்குள் பதில் என்று திகதி எழுதிக் கொடுக்கலாம். முடியாது என்பதும் ஒரு பதில்தான், காரணத்தோடு சொன்னால் தோட்டத்தார் ஏற்கத் தெரியாதவர்கள் அல்ல. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதைப் படித்துக் காட்டுவது யார், எந்தப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போவது, அன்றைய பேர் என்னாவது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்து லயத்தில் ஒட்டலாம். பெண்களை மேற்பார்வைக்கு உயர்த்தினால் தராசடிப் பேச்சின் தொனி பாதி மாறிவிடும் என்பது என் கணிப்பு.

இவை எதுவும் முகாமையாளரின் நல்ல மனத்தை நம்பி நிற்கக் கூடாது. அவருக்கு மேலே கம்பெனி இருக்கிறது. கம்பெனி அவரிடம் கேட்பது கிலோவும் செலவும் என்றால் அவர் கிலோவையும் செலவையும்தான் பார்ப்பார். பங்குச் சந்தையில் இருக்கும் பெருந்தோட்டக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் ஒரு கிலோ தேயிலைக்கான உற்பத்திச் செலவும் விற்ற விலையும் அச்சாகின்றன. ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த ஆண்டு எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனைக்குச் சொன்ன திகதிக்குள் பதில் போயிற்று என்ற ஒரு வரியையும் அதே பக்கத்தில் அச்சிடுமாறு பங்குதாரரும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டும்.